ஜீத்துக்குக் கட்டிய 700 யூரோ: ‘ஆர்’ஆ, ‘அக்கோம்த்’ஆ?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். நண்பர்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து ஆகஸ்டில் ஒரு வாரம் ஓய்வாக இருக்கலாம் என்று, தென்மேற்கு பிரான்சின் தோர்தோனில் சார்லா ஊர்ப் பக்கம் ஒரு ஜீத்தை, அதாவது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் பழைய பண்ணை வீட்டை, 2,800 யூரோவுக்குப் பேசினோம். கையெழுத்துப் போட்டது நான் மட்டும்தான். 700 யூரோ முன்பணத்தையும் நானே அனுப்பினேன். இப்போது ஒரு நண்பரின் மனைவிக்கு ஆபரேஷன், இன்னொருவருக்கு லீவு கிடைக்கவில்லை. 700 போனால் போகட்டும் என்று ரத்து செய்யப் பார்த்தால், வீட்டுக்காரர் மீதி 2,100-ஐயும் கேட்கிறார். அவரால் கேட்க முடியுமா? போக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

பதில்: முடியலாம். முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, அந்த 700 யூரோவுக்கு அதில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நாம் எல்லாவற்றையும் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சுச் சட்டத்தில் ‘ஆர்’ வேறு, ‘அக்கோம்த்’ வேறு.

‘ஆர்’ என்று இருந்தால் நீங்கள் நினைத்தது சரி. 700-ஐ விட்டுவிட்டு விலகலாம், மீதியைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. அவரே பின்வாங்கினால் இரட்டிப்பாக, 1,400 யூரோ திருப்பித் தர வேண்டும். ‘அக்கோம்த்’ என்று இருந்தால் அது வாடகையின் முதல் தவணை. ஒப்பந்தம் உறுதியாகிவிட்டது, முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. இரண்டு சொல்லுமே இல்லையா? வீட்டுக்காரர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால், நுகர்வோர் சட்டம் L214-1 அதை ‘ஆர்’ என்றே எடுத்துக்கொள்ளும். சொந்த வீட்டைக் கோடையில் மட்டும் விடும் தனி ஆள் என்றால் அந்தச் சாதகம் தானாக வராது.

பதினான்கு நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பேசிய தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது.

அப்புறம் ஆபரேஷன். மனசுக்குக் கஷ்டமான விஷயம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நோயை ‘ஃபோர்ஸ் மஜர்’, அதாவது நம் கையை மீறிய தடை, என்று காட்டித் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். பணம் கட்டியவர் தன்னால் அந்தச் சேவையை அனுபவிக்க முடியவில்லை என்பதற்காக ஃபோர்ஸ் மஜர் சொல்லி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 25-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் தங்கப் போன இடத்தில் கணவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்தான். எனக்கு அந்தத் தீர்ப்பு கடுமையாகத் தோன்றுகிறது. இருந்தாலும் இன்றைய சட்டம் அதுதான். காப்பீடு ஒரு வழி. விசா பிரெமியே, கோல்டு மாஸ்டர்கார்டு மாதிரியான கார்டுகளில் ரத்துக் காப்பீடு உண்டு. ஆனால் அந்தக் கார்டாலேயே பணம் கட்டியிருக்க வேண்டும். அது கார்டுக்காரரையும் அவர் குடும்பத்தையும்தான் காக்கும். கட்டியது நீங்கள், ஆபரேஷன் நண்பர் வீட்டில். இனிமேல் அவரவர் பங்கை அவரவர் கார்டால் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்கு நீங்கள் மட்டும்தான் பொறுப்பு. கையெழுத்துப் போடாத நண்பர்களை அவர் தேட மாட்டார். ஆனால் நண்பர்கள் உங்களுக்குப் பொறுப்பு. குடும்பத்துக்கு 700 யூரோ பங்கு என்று ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். 1,500 யூரோவுக்கு உட்பட்ட தொகைக்குக் கையெழுத்திட்ட பத்திரம் தேவையில்லை, எந்தச் சான்றும் செல்லும். லீவு கிடைக்காத நண்பரிடம் இதை இப்போதே, கோபமில்லாமல் பேசிவிடுங்கள். ஆபரேஷன் நடக்கும் வீட்டிடம் பங்கு கேட்பதா என்பது சட்டக் கேள்வி இல்லை. நானாக இருந்தால் கேட்க மாட்டேன்.

ரத்தே செய்யாதீர்கள் என்பதுதான் என் யோசனை. ஆறு வாரத்தில் வேறு இரண்டு குடும்பங்கள் கிடைக்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள ஆள் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது, ஆள் மாற்றத்தை வீட்டுக்காரரிடம் எழுதிச் சம்மதம் வாங்குங்கள். யாரும் கிடைக்காமல் ரத்து செய்தே ஆக வேண்டுமென்றால், இன்றைக்கே ரெக்கமாந்தே (பதிவுத் தபால்) கடிதம் அனுப்புங்கள். அந்த வாரத்தை வேறு யாருக்காவது விட்டால் தெரிவிக்கும்படி அதிலேயே கேளுங்கள். ஆகஸ்டில் தோர்தோனில் வீடு காலியாகக் கிடப்பது அரிது. வேறொருவர் வந்துவிட்டால் வீட்டுக்காரரின் நஷ்டம் குறையும், உங்களிடம் கேட்கும் தொகையும் குறைய வேண்டும். பேச்சு முறிந்தால் உங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) விசாரித்து கோன்சிலியாத்தரை, அதாவது சமரசம் செய்துவைப்பவரை, பாருங்கள். இலவசம்தான். 5,000 யூரோவுக்கு உட்பட்ட தகராறுகளில் கோர்ட்டுக்கு முன் சமரச முயற்சி பொதுவாகக் கட்டாயம்.

போவதாக முடிவானால், சாவி வாங்கும்போதே ‘எத்தா தெ லியு’, அதாவது வீடு எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே சட்டம் கருதும், பழைய கீறலுக்கும் உங்கள் கோசியோன் (சேதத்துக்காகக் கட்டும் வைப்புப் பணம்) போகும். குழந்தைகள் வருகிறார்களே, நீச்சல் குளத்தைப் பாருங்கள். தரையில் தோண்டிய குளத்துக்கு வேலி, மூடி, கூரை, அலாரம் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2003 ஜனவரி 3 சட்டம். இல்லையென்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் செய்யுங்கள்.