ஸ்டீராய்டை நிறுத்தியதும் வந்த தலைசுற்றல்

மூட்டுவாத வலி போய்விட்டதென்று, 8 மாதம் சாப்பிட்ட 10 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள். இப்போது எழுந்தால் தலைசுற்றல், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் என்கிறீர்கள். இதை மூட்டுவாதத்தின் மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலைச் சுரக்கிறது; அதற்கான உத்தரவு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும். மாத்திரை வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உத்தரவு நின்றுபோகும், அட்ரீனலும் சுருங்கித் தூங்கிவிடும். விழிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்குள் மாத்திரை நின்றால் கார்டிசோல் போதாமல் இப்படித் தலைசுற்றலாம், குமட்டலாம்; படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். காலை 8 மணி வாக்கில் கார்டிசோல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். வாந்தி நிற்கவில்லை, மயக்கம் வருகிறது என்றால் மாத்திரை அட்டையோடு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், மூட்டுவாதத்துக்கு நீங்கள் சாப்பிடும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் அட்ரீனலை இப்படி அடக்குவதில்லை. பயத்தில் அதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.