அம்மாவுக்கு எட்டாத அலமாரி

கேள்வி: எனக்கு வயது 38. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இரண்டு குழந்தைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறோம். சமையலறையை ஸ்காண்டிநேவியன் பாணியில் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவுகள், வெளிர் நிற மரம், மேலே திறந்த தட்டுகள், கைப்பிடியே தெரியாத அலமாரிகள். மேடைமேல் ஒரு பொருள்கூட இருக்கக் கூடாது. உள்ளே நுழைந்தாலே மனசு அமைதியாக வேண்டும். டிசைனர் 90 செ.மீ. உயர மேடையோடு படம் போட்டுக் கொடுத்துவிட்டார். மேல் தட்டுகள் அம்மாவுக்கு எட்டாது, ஆனால் அது பெரிய விஷயமில்லை, வேண்டியதை நாங்கள் எடுத்துக் கொடுத்துவிடுவோம். சமையல் முழுக்க அம்மாதான். என் குழப்பம் நிறத்தில். கதவுகளுக்குத் தூய வெள்ளையா, லேசான சாம்பலா? மரம் ஓக்கா, ஆஷா? மனைவி ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன், தினமும் வாக்குவாதம். அமைதிக்காக ஆரம்பித்த வேலை வீட்டின் அமைதியையே கெடுத்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, நிறச் சண்டை போடும் தம்பதிகளின் கடிதம் எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவர்கூட அந்த மேடையில் நின்று சமைப்பவராக இருக்க மாட்டார். உங்கள் கடிதமும் அப்படித்தான். அதனால் வெள்ளையையும் சாம்பலையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ‘மேல் தட்டுகள் அம்மாவுக்கு எட்டாது, வேண்டியதை நாங்கள் எடுத்துக் கொடுத்துவிடுவோம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

காலை பதினோரு மணிக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்? நீங்கள் அலுவலகத்தில். மனைவியும் அலுவலகத்தில். குழந்தைகள் பள்ளியில். அடுப்பில் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும்போது மேல் தட்டில் இருக்கும் டப்பா வேண்டுமென்றால், அம்மா உங்களுக்கு போன் செய்வாரா? மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுவார். ஈரக் கையோடு ஏறுவார். அந்த வயதில் ஒரு முறை விழுந்தால் போதும், இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு உங்கள் ஓக்கும் ஆஷும் யாருக்கு?

ஏறாவிட்டால் இன்னொன்று நடக்கும். அந்த டப்பா இல்லாமலேயே சமைத்துவிடுவார். மாலையில் நீங்கள் வந்து, ‘என்னம்மா, இன்றைக்கு ருசி ஒரு மாதிரி இருக்கிறதே’ என்பீர்கள். அவர் காரணம் சொல்ல மாட்டார்.

‘எடுத்துக் கொடுத்துவிடுவோம்’ என்பது கேட்பதற்கு அன்பாக இருக்கிறது. அன்பு இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் யாரையும் கேட்காமல் தன் கையாலேயே எடுத்துச் சமைத்தவரை, ஒரு டப்பாவுக்காக மகனைக் கூப்பிடும் நிலைக்குக் கொண்டுவருகிறீர்கள். அதுவும் அவசியத்துக்காக அல்ல, அழகுக்காக. பெற்றவளைக் கூடவே வைத்துக்கொள்வது என்றால் ஓர் அறையும் கட்டிலும் கொடுப்பதோடு முடிந்துவிடாது. அவர் நாள் முழுக்க நிற்கும் இடம் அவர் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்திதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட சமையலறை நிறத்திலிருந்து பிறந்தது அல்ல. ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஒன்றான ஸ்வீடனில் 1944-ல் வீட்டு வேலையை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். தொடங்கக் காரணமாக இருந்தவர்கள் இல்லத்தரசிகள் அமைப்புகளும் மனையியல் ஆசிரியைகளும். சமைப்பவர் எவ்வளவு குனிகிறார், எங்கே கை நீட்டுகிறார், எத்தனை அடி நடக்கிறார் என்று அளந்தார்கள். மேடை, அலமாரி, தட்டு எல்லாவற்றுக்கும் அந்த நாட்டில் பொது அளவுகள் வந்தது இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்துதான். அதே சமயத்தில் பக்கத்து பின்லாந்தில் மையு கெப்ஹார்ட் என்ற பெண்மணி, கையால் பாத்திரம் கழுவித் துடைப்பதிலேயே வாழ்நாளில் ஏறக்குறைய 30,000 மணி நேரம் போகிறது என்று கணக்குப் போட்டார். அதற்கு அவர் கொண்டுவந்த தீர்வு, சிங்குக்கு நேர் மேலே ஓர் அலமாரி. அடிப்பலகை கிடையாது, கம்பித் தட்டுகள் மட்டும். கழுவிய தட்டை நேராக அதில் செருகிக் கதவை மூடிவிடலாம். தண்ணீர் சிங்கிலேயே சொட்டும். துடைக்கும் வேலையும் அடுக்கும் வேலையும் மிச்சம். இன்றைக்கும் பின்லாந்து வீடுகளில் சர்வசாதாரணமாக இருக்கிறது. உங்கள் டிசைனர் போட்ட படத்தில் அது இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். புகைப்படத்தில் அழகாகத் தெரியாதே.

வெள்ளைச் சுவருக்கும் காரணம் உண்டு. ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைச் சுவர் திருப்பித் தரட்டும் என்றுதான் வெள்ளையும் வெளிர் மரமும். அவர்களுக்கு அது தேவை. உங்களுக்கு அது பிடித்திருக்கிறது, சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வயதான கண்ணுக்கு எல்லாமே வெள்ளையாக இருப்பது தொல்லை. வெள்ளை மேடையில் வெள்ளைத் தட்டு, பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் மேடை எங்கே முடிகிறது என்றே தெரியாது. புரை விழ ஆரம்பித்த கண் என்றால் கேட்கவே வேண்டாம், தட்டை விளிம்புக்கு வெளியே வைத்துவிடுவார்கள். அதனால் கதவுகள் உங்கள் இஷ்டம், மேடையாவது மர நிறத்திலோ சாம்பலிலோ இருக்கட்டும். பளபளப்பு வேண்டாம், மேட் போதும். ஓக், ஆஷ் இரண்டும் நல்ல மரங்கள்தான், காசு சுண்டிப் போட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இனி மேடை. 90 செ.மீ. என்பதை டிசைனர் எங்கிருந்து எடுத்தார்? ஸ்வீடன்காரர்களின் உயரத்துக்கு அது சரி. சமையலறைக்குள் போடும் செருப்போடு அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளங்கள். அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் வருவதுதான் அவருக்கான மேடை உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது பெரும்பாலும் 80 முதல் 85-க்குள் வரும். அதைவிட உயர்ந்தால் நறுக்கும்போது தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். ராத்திரி பிடரியில் தைலம் தேய்த்துக்கொள்வார், காரணம் மேடை என்று யாருக்கும் தோன்றாது. அடுப்பு இருக்கும் பகுதி இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் நல்லது, பாத்திரத்தின் உயரமும் சேருமே. சிங்க் மட்டும் சற்று உயரமாக இருக்கலாம், அங்கே கை தொட்டிக்குள் இறங்கித்தான் வேலை செய்கிறது. பழைய ஸ்வீடிஷ் சமையலறைகளில் மேடைக்கு அடியிலிருந்து இழுத்தால் வெளியே வரும் பலகை ஒன்று இருக்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே நறுக்கலாம். அதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

திறந்த தட்டுகளை நான் முழுக்க மறுக்கவில்லை. ஒரே ஒரு தட்டு, அம்மாவின் கண் உயரத்துக்குக் கீழே, தினமும் எடுக்கும் பொருள்களுக்கு மட்டும். தினமும் கைபடும் டப்பாவில் அழுக்கு நிற்காது. தொடாத டப்பாவை மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். மூடியில் பழுப்பாக ஒரு பிசுக்கு படிந்திருக்கும், அதன்மேல் தூசி. விரலால் தேய்த்தால் திரித்திரியாக உருண்டு வரும், நகத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், வெந்நீரும் சோப்பும் இல்லாமல் போகாது. எண்ணெய்ப் புகை எழும் எந்தச் சமையலறையிலும் இதுதான் கதி. உங்கள் அழகான தட்டில் அடுக்கிய அந்த இருபது டப்பாவையும் துடைப்பது யார்? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. நானே ஊகித்துக்கொண்டேன்.

கனமான எதுவும் தொடைக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். மேடைக்குக் கீழே கதவு வைத்த ஆழமான அலமாரி வேண்டாம், அதில் பின்னால் இருப்பதை எடுக்க மண்டியிட வேண்டும். முழுதாக வெளியே வரும் டிராயர்கள் போடுங்கள். செலவு கூடத்தான் செய்யும், திறந்த தட்டுகளில் மிச்சப்படுத்தியதை அதில் போடலாம். கைப்பிடி தெரியக் கூடாது என்கிறீர்கள். மாவு அப்பிய கையோடு, விரல் மூட்டு வீங்கிய ஒருவர், கதவின் விளிம்பை நகத்தால் நெம்பித் திறப்பதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். நாலு விரலும் நுழைகிற மாதிரி வளைந்த கைப்பிடி வையுங்கள். கூரை நடுவில் ஒரே ஒரு விளக்கு தொங்கினால் அவர் நிழலே அவர் கத்தியின் மேல் விழும். விளக்கு மேல் அலமாரியின் அடியில், முன்பக்க ஓரத்தில் இருக்க வேண்டும்.

மேடைமேல் ஒன்றுமே இருக்கக் கூடாது என்ற சட்டத்தையும் கைவிடுங்கள். உப்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுத்து வைப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்த விடுமுறை நாளில் ஒரு நாற்காலியைச் சமையலறை மூலையில் போட்டு, காகிதமும் பென்சிலுமாக உட்காருங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாயைத் திறக்காமல், அம்மா எதை எடுக்கிறார், எங்கே நடக்கிறார், எங்கே இடுப்பில் கைவைத்து நிற்கிறார் என்று எழுதுங்கள். ஸ்வீடனில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அந்தக் காகிதத்தை டிசைனரிடம் கொடுத்துப் படத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அம்மாவிடம், ‘உனக்கு எப்படி வேண்டும்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். ‘எனக்கு எது இருந்தாலும் போதும்ப்பா, நீங்கள் சந்தோஷமாக இருந்தால் சரி’ என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் பாதி வீடுகளில் அம்மாக்களை ஸ்டூலில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனால் வேறொரு கேள்வியை அவரிடம் நேராகவே கேட்க வேண்டும். ‘சமையல் முழுக்க அம்மாதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இன்னும் சமைக்க விருப்பம் இருக்கிறதா? இருக்கலாம். பலருக்கு அது உயிர், பிடுங்கினால் வாடிப்போவார்கள். இல்லாமலும் இருக்கலாம். மனைவியைக் கூட வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், குழந்தைகள் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். முதல் பதிலை நம்பாமல் நாலு நாள் விட்டு இன்னொரு தடவையும் கேளுங்கள். ‘காலையில் மட்டும் செய்கிறேன்ப்பா, ராத்திரிக்கு முடியவில்லை’ என்று அவர் சொன்னால், ராத்திரிச் சமையல் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும். அதில் பேச்சே இல்லை. அப்போது மேடையை இரண்டு உயரத்தில் போடச் சொல்லுங்கள். ஒன்று அம்மாவின் முழங்கைக்கு, இன்னொன்று உங்களுடையதற்கு.