வேல் பிடிக்க மாட்டேன் என்றால்?

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்குப் பள்ளி மாறுவேடப் போட்டியில் முருகன் வேடமாம். நாங்கள் கிறிஸ்தவர்கள். மறுக்கலாமா?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தாராளமாக. பிற மதச் சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கேற்க எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12(3)ஆம் பிரிவு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் மதத்தை முடிவுசெய்வது பெற்றோர் அல்லது காப்பாளர் என்கிறது 12(4). ஆனால் மேடை வேடம் சடங்காகுமா என்று வாதாடலாம்; எடுத்த எடுப்பிலேயே சட்டத்தை நீட்டாதீர்கள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஊரே கூடிவிடும். வகுப்பாசிரியருக்கு நான்கு வரிக் கடிதம், தலைமையாசிரியருக்கு ஒரு நகல், போட்டிக்கு ஒரு வாரம் முன்பே. வெறும் மறுப்பாக இருந்தால் பையன் பார்வையாளனாக உட்கார நேரிடும். மாற்று வேடத்தையும் அதிலேயே எழுதுங்கள்.

திருவள்ளுவர் எளிது: வெள்ளை வேட்டி, ஓலைச்சுவடிக்கு அட்டைத் துண்டுகள். தாடிப் பஞ்சைக் கன்னத்தில் பசை போட்டு ஒட்டினால் நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்து உரிந்துவிடும், அரிக்கவும் செய்யும். மெல்லிய துணியில் பஞ்சைத் தைத்து, எலாஸ்டிக் நாடாவால் காதில் மாட்டுங்கள். வாயருகே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இல்லையேல் குறள் சொல்லும்போது பஞ்சு வாய்க்குள் போகும்.