சிப்பில் பழைய பெயர்: நாய் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்த ஒரு குடும்பம் வெளிநாடு போனபோது தங்கள் நாயை எங்களிடம் ஒப்படைத்தது. இரண்டு ஆண்டுகளாகக் கடலூரில் எங்கள் வீட்டில் வளர்கிறது. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடியதை யாரோ கால்நடை மருத்துவரிடம் சேர்க்க, அதன் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப் எனும் அடையாளச் சில்லு வழியாகப் பழைய உரிமையாளருக்குத் தகவல் போயிருக்கிறது. நாயை மீட்டுவிட்டோம். இப்போது ஊர் திரும்பியுள்ள அவர், "சிப் என் பெயரில் இருக்கிறது, நாயைத் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் திருட்டுப் புகார் கொடுப்பேன்" என்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கொடுக்க வேண்டியதில்லை அம்மா. நாயைச் சட்டம் அசையும் சொத்தாகவே பார்க்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் இங்கே அதுதான் உங்களைக் காக்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 123-ஆவது பிரிவுப்படி, அசையும் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை. கையில் ஒப்படைத்தாலே போதும். கொடுத்தவர் பிறகு மனம் மாறினார் என்பதற்காக அது ரத்தாகாது. இது 126-ஆவது பிரிவு.

ஆனால் "திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் கதையே வேறு. அது தானம் ஆகாது. அதனால் அந்த நாட்களின் வாட்ஸ்அப் செய்திகளை இன்றே தேடுங்கள். "இனி இவன் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்பது போல ஒரு வரி கிடைத்தாலும் பெரிய பலம். போனில் இருந்து அழித்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். தடுப்பூசி அட்டை, மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்ல என்று யார் சொல்கிறாரோ, அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சிப் பதிவு அவருக்கு ஒரு சாட்சியம்; அதுவே தீர்ப்பாகிவிடாது.

இருந்தாலும் அந்தப் பதிவை அப்படியே விட்டு வைக்காதீர்கள். தோலுக்கடியில் இருக்கும் சிப்பில் யார் பெயரும் இல்லை, 15 இலக்க எண் ஒன்றுதான் உண்டு. பெயரும் போன் எண்ணும் பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன. ஜிபிஎஸ் போல அது இடம் காட்டாது. யாராவது ஸ்கேனர் வைத்துப் படித்து, பதிவில் உள்ள எண்ணை அழைத்தால்தான் நாய் வீடு வந்து சேரும். இந்த முறை பழைய எண் வேலை செய்தது. அது துண்டிக்கப்பட்டிருந்தால் உங்களைத் தேடிப் பிடிக்க அந்த மருத்துவருக்கு வழியே இருந்திருக்காது.

மருத்துவரிடம் எண்ணைப் படித்து எழுதி வாங்குங்கள். எந்த நிறுவனத்தில் பதிவு என்று கேட்டு, பெயர் மாற்றக் கோரி ஆதாரங்களுடன் எழுதுங்கள். பழைய உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்டால், அவருக்கு ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ். பதிவில் வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாநகராட்சி உரிமம் தனி. சிப் பதிவு அதற்கு ஈடாகாது. நாய் யாரையாவது கடித்தால், கவனக்குறைவுக்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் பதில் சொல்ல வேண்டியவர், அதை வைத்திருக்கும் நீங்கள்தான். சிப் பதிவில் பெயர் இருப்பவர் அல்ல.

திருட்டுப் புகார் என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். சம்மதமில்லாமல் எடுத்தால்தான் திருட்டு. இங்கே அவரே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார். காவல் நிலையத்திலிருந்து அழைத்தால் மேற்சொன்ன ஆவணங்களின் நகலோடு போங்கள். நாயை அங்கே கொண்டுபோக வேண்டாம்; யாரிடமும் எதிலும் கையெழுத்திடவும் வேண்டாம்.