எலுமிச்சை விதை, ஆண் பப்பாளி, உறையாத ஜெல்லி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பழ விதை போட்டுக் கன்று வளர்ப்பது பற்றியும், வீட்டில் செய்த ஜாம், ஜெல்லி, ஊறுகாயைக் கொலுவுக்கும் பொங்கல் வரிசைக்கும் கொடுப்பது பற்றியும் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சாறு பிழிந்த எலுமிச்சையின் விதைகளை வெயிலில் காயவைத்து டப்பாவில் சேர்த்தேன். தை மாதம் இருபது விதை போட்டதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைக் கன்று நன்றாகக் காய்க்காது, ஒட்டுக் கன்றுதான் வாங்க வேண்டும் என்கிறார் என் மாமியார். சரியா?
– வாசகி, மன்னார்குடி

மாமரத்துக்கு உங்கள் மாமியார் சொல்வது சரி. எலுமிச்சை வேறு. அதன் ஒரு விதைக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றில் பல, மகரந்தம் சேர்ந்து உண்டானவை அல்ல; தாய் மரத்தின் திசுவிலிருந்தே நேராக வளர்ந்தவை. அதனால் நல்ல மரத்துப் பழத்தின் விதை, பெரும்பாலும் அந்த மரத்தையே திருப்பித் தரும். கொல்லையில் விதை போட்டு வளர்க்க ஒரே ஒரு பழ மரத்தைச் சொல் என்றால் எலுமிச்சையைத்தான் சொல்வோம்.

நீங்கள் செய்த தவறு, வெயிலில் காயவைத்தது. கத்தரி, மிளகாய் விதை போல எலுமிச்சை விதையைக் காயவைக்கக் கூடாது. ஈரம் போனால் உள்ளே கரு செத்துவிடும். நன்றாக மஞ்சளாகப் பழுத்த பழத்தை நறுக்குங்கள். கத்தி படாத, பருத்த விதைகளை எடுத்து, வழவழப்புப் போகச் சாம்பலில் புரட்டிக் கழுவுங்கள். நீரில் மிதப்பவற்றைத் தள்ளிவிட்டு, அன்றே அல்லது மறுநாளே போட்டுவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு, ஒரு செ.மீ. ஆழம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் முளைக்கும். ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் பதற வேண்டாம், மேலே சொன்ன பல கருக்கள்தான் அவை. திடமானதை வைத்துக்கொண்டு, நோஞ்சானாகவும் இலை வடிவம் மாறியும் இருப்பதைக் கிள்ளிவிடுங்கள்.

கன்று ஒன்றரை அடி ஆகும்வரை, ஏறக்குறைய ஓர் ஆண்டு, பையிலேயே இருக்கட்டும். பறவை எச்சம் போல ஒரு புழு இலைமேல் உட்கார்ந்திருக்கும். எச்சம்தானே என்று விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் கன்று மொட்டை. காலையில் கையால் எடுத்துப் போட்டாலே போதும், மருந்து வேண்டாம்.

நடும்போதுதான் நம் ஊர் மண்ணின் சங்கடம் தெரியும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் டெல்டாவின் களிமண்ணில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். பள்ளம் தோண்டி நட்டால் ஐப்பசி மழையில் தூர் அழுகி, பட்டையில் பிசின் வடியும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், நாலடி அகலம் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தண்டைச் சுற்றி ஓரடிக்கு மண்ணை அணைத்துவிட்டு, அதற்கு வெளியே வட்டப் பாத்தி எடுத்துத் தண்ணீர் விடுங்கள். தண்டில் நீர் படக் கூடாது. மரத்துக்கு மரம் பதினைந்து அடியாவது வேண்டும். நான்காவது, ஐந்தாவது ஆண்டில் காய்க்கும். அதுவரை பொறுமையில்லாதவர்கள் கடைக் கன்று வாங்கலாம், தவறில்லை.

சிவப்புச் சதைப் பப்பாளி வாங்கித் தின்றோம். ருசி பிரமாதம். அதன் விதையில் பன்னிரண்டு கன்று வைத்தேன். நாலு மரம் நீளநீளமாகப் பூச்சரம் விட்டதோடு சரி. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி காய்க்கின்றன. மழையில் மூன்று சாய்ந்துவிட்டன.
– வாசகர், திருவாரூர்

கடையில் கிடைக்கும் சிவப்புப் பழங்களில் பல, ரெட் லேடி போன்ற கலப்பின ரகங்கள். அவற்றின் விதை தாயைப் போல வராது. ருசி, நிறம், அளவு எல்லாம் பிரிந்துபோகும். பூச்சரம் தொங்கவிட்டவை ஆண் மரங்கள். பழம் காய்த்த தோட்டத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஓர் ஆண் மரம் நின்று மகரந்தம் கொடுத்திருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உருண்டையான பழம் பெண் மரத்தில் காய்த்தது. நீண்ட பழம், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உள்ள இருபால் மரத்தில் காய்த்தது. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால் அந்த விதையில் ஆண் மரமே வராது. மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். ஆகவே விதைக்கென்று எடுத்தால் நீளப் பழத்தில் எடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 இந்த வகைதான். கோ 2-ல் ஆண், பெண் தனித்தனி மரம். அதைக் குழிக்கு மூன்று கன்றாக நட்டு, பூத்ததும் ஆணை வெட்டிவிட்டு, இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் மட்டும் விட வேண்டும்.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையைச் சாம்பலில் தேய்த்து எடுத்துவிடுங்கள். முளைப்பைத் தடுப்பதே அதுதான். நிழலில் உலர்த்தி, பைக்கு நாலு விதை, ஒரு செ.மீ. ஆழம். 45 முதல் 60 நாளில் நடலாம். மழையில் சாய்ந்ததற்குக் காரணம் காற்று மட்டுமல்ல. இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே பப்பாளி வேர் அழுகும். தைமாதம் விதைத்து, பங்குனியில் மேட்டில் நட்டு, கோடையில் தண்ணீர் கொடுத்துத் தேற்றினால் மழைக்குள் தண்டு முற்றிவிடும். பக்கத்தில் பூசணி, பரங்கிக் கொடி படரவிடாதீர்கள். அசுவினிப் பூச்சி வழியாகப் பப்பாளிக்குப் பரவும் வளையப்புள்ளி நச்சுயிரி அந்தக் கொடிகளிலும் தங்கும். இலை குறுகி, காயில் வளையம் வளையமாகக் கண்டால் மருந்தில்லை, மரத்தைப் பிடுங்க வேண்டியதுதான்.

ருசி குறைந்த பழங்களை ஜாமுக்கு அனுப்புங்கள். ஒரு கிலோ கூழ், 750 கிராம் சர்க்கரை, மூன்று எலுமிச்சையின் சாறு. எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். பப்பாளியில் புளிப்பு மிகக் குறைவு. புளிப்பில்லாத ஜாம் உறையவும் உறையாது, சீக்கிரம் கெட்டும் போகும்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொய்யா ஜெல்லி கொடுக்க ஆசை. முதல் தடவை பாகாகவே நின்றது. அடுத்த தடவை அதிக நேரம் காய்ச்சினேன். ரப்பர் மாதிரி ஆகி, ஒரு மாதத்தில் சர்க்கரை பூத்துவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

ஜெல்லி உறைய மூன்றும் சேர வேண்டும்: பழத்திலுள்ள பெக்டின் என்ற உறையவைக்கும் பொருள், புளிப்பு, சர்க்கரை. நன்றாகக் கனிந்த பழத்தில் பெக்டின் குறைந்துவிடும். மணத்துக்குப் பாதி பழுத்தது, உறைவதற்குப் பாதி செங்காய் என்று கலந்து எடுங்கள்.

இரண்டு கிலோ கொய்யாவைத் தோலோடும் விதையோடும் மெல்லியதாக நறுக்கி, மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, இரண்டு எலுமிச்சை பிழிந்து, அரை மணி நேரம் வேகவையுங்கள். வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் ஜெல்லி கலங்கும். பிழிகிற கையைக் கட்டிப்போடுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம்.

வடிந்த சாற்றில் ஒரு ஸ்பூன் ஆறவைத்து, ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோடு மெதுவாகக் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை. இரண்டு மூன்று கட்டியாக உடைந்தால் முக்கால் கிலோ. திரிதிரியாக நின்றால் அரைக் கிலோதான் தாங்கும், அல்லது சாற்றை இன்னும் சுண்டவைக்க வேண்டும். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது. உங்கள் முதல் ஜெல்லி பாகாக நின்றதற்குப் பெரும்பாலும் இந்தச் சோதனை இல்லாததே காரணம்: பெக்டின் தாங்காத அளவு சர்க்கரை.

அகலமான, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் சாறு மட்டும் வையுங்கள். சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டி வேகமாகக் காய்ச்சுங்கள். சிறு தீயில் மணிக்கணக்கில் வைத்தால் பெக்டின் சிதையும்; அளவுக்கு மீறிச் சுண்டினால் நீங்கள் சொன்ன அந்த ரப்பர் பதம்தான் வரும். கரண்டியால் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். முதலில் நீர் மாதிரி ஓடும். பிறகு துளித்துளியாகச் சொட்டும். கடைசியில் இரண்டு துளிகள் கரண்டி விளிம்பில் ஒன்றோடொன்று சேர்ந்து தகடாக விழும். அதுதான் பதம், அடுப்பை அணையுங்கள். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். கண்ணை நம்பாதவர்களுக்குத் தராசு: காலிப் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வையுங்கள். உள்ளே இருப்பது, போட்ட சர்க்கரையைப் போல ஒன்றரை மடங்கு எடைக்கு வந்தால் போதும். 750 கிராம் போட்டிருந்தால் 1,125 கிராம். ஜாமுக்கும் இதே கணக்கு. அதற்குக் கீழே சுண்டவிட்டால் சர்க்கரை பூக்கும். புளிப்பு குறைந்தாலும் பூக்கும்.

பாகாக நின்றுபோனதை, லிட்டருக்கு ஓர் எலுமிச்சை பிழிந்து மறுபடி சில நிமிடம் கொதிக்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் உறையாவிட்டால் சர்பத் என்று பெயர் வைத்துக் கொடுத்துவிடலாம்.

வாழைப்பழத்து விதையில் கன்று வளர்க்க முடியுமா? மாங்கொட்டை?
– பள்ளி மாணவர், பேராவூரணி

நாம் தின்னும் பூவன், ரஸ்தாளியில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் வளராத விதைகள், முளைக்காது. பக்கக் கன்றுதான் வழி. ஈட்டி போல ஒடுங்கிய இலை உள்ள கன்றாகப் பாருங்கள். மாங்கொட்டை முளைக்கும், தின்ற ஒரு மாதத்துக்குள் ஓட்டைப் பிளந்து பருப்பைப் போட வேண்டும், வண்டு துளைத்திருந்தால் வேண்டாம். ஆனால் நீலம், பங்கனப்பள்ளிக் கொட்டையில் அதே பழம் வராது. வளர்த்த கன்றின்மேல் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

தேன்நெல்லி செய்தால் காய் சுருங்கிக் கறுத்துவிடுகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

கறுப்பு, இரும்பால் வந்தது. நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். இரும்புச் சட்டி, துரு ஏறிய ஊசி இரண்டும் ஆகாது. மூங்கில் குச்சியோ எவர்சில்வர் முள்கரண்டியோ எடுத்துக் கொட்டைவரை குத்துங்கள்.

சுருக்கத்துக்குக் காரணம், முதல் நாளே கெட்டிப் பாகில் போடுவது. சர்க்கரை உள்ளே போகுமுன் காயிலுள்ள நீரைப் பாகு இழுத்துக்கொள்கிறது. பாகைப் படிப்படியாகத்தான் கெட்டியாக்க வேண்டும். ஒரு கிலோ காயை, லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்ட நீரில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, குத்தி, வரி தெரியும்வரை ஆவியில் ஆறேழு நிமிடம் வையுங்கள்; வெடிக்கக் கூடாது. மொத்தச் சர்க்கரை ஒன்றேகால் கிலோ. அரைக் கிலோவை அடுக்கடுக்காகத் தூவி இரவு மூடி வைத்தால் அதுவே நீர் விட்டுக்கொள்ளும். மறுநாள் காயை எடுத்துவிட்டு, பாகில் கால் கிலோ சேர்த்துக் கொதிக்கவிட்டு, சூடு தணிந்ததும் காயைப் போடுங்கள். மூன்றாம் நாள் இன்னொரு கால் கிலோ. நான்காம் நாள் மீதி கால் கிலோவும் அரை எலுமிச்சைச் சாறும். ஐந்தாம் நாள் பாகை மட்டும் ஒரு கம்பிப் பதத்துக்குக் காய்ச்சிக் காயை மூழ்கவிடுங்கள். உண்மையான தேன் சேர்ப்பதானால் கடைசியில், ஆறிய பிறகு. அப்படிச் செய்த பாட்டிலைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்கும்போது, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று சொல்லிக் கொடுங்கள்.

மகளுக்குச் சிங்கப்பூருக்கு அனுப்ப எது தோது?
– வாசகி, நாகப்பட்டினம்

உப்பு நார்த்தங்காய். எண்ணெய் இல்லை, ஒழுகாது. பத்து காய்க்கு, சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு, 300 கிராம் கல்லுப்பு, இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள். துண்டாகப் பிரியாமல் சுருள் சுருளாக அரிந்து, உள்ளே உப்பை அடைத்து, பீங்கான் ஜாடியில் நான்கு நாள் குலுக்கி வையுங்கள். பிறகு பகலில் வெயில், மாலையில் மறுபடி அதே உப்பு நீர். நீர் முழுக்க இழுத்துக்கொண்டதும் மேலே உப்புப் பூக்கும்வரை காயவிடுங்கள். மாசி, பங்குனியில் செய்வது நல்லது. ஐப்பசியில் ஆரம்பித்தால் பாதியில் பூஞ்சை பிடிக்கும்.

பழைய பாட்டில்களில் அடைத்துக் கொடுக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?
– பலர்

கண்ணாடியானால் சரி, பிளாஸ்டிக் வேண்டாம். கொதிக்கும் ஜாம் அதை நெளித்துவிடும். பாட்டிலைத் தண்ணீரில் போட்டுக் கொதி வந்தபின் பத்து நிமிடம் விட்டு, கவிழ்த்து ஈரம் போகவிட்டு, பாட்டில் சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை விளிம்புக்கு அரை செ.மீ. கீழ்வரை ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் விரியும். பாதி ஆறிய ஜாமை ஊற்றி மூடினால் மூடிக்கு அடியில் வியர்த்து, அந்த ஈரத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். ஊறுகாய் இருந்த பாட்டிலின் பழைய மூடியைப் போடாதீர்கள், எத்தனை கழுவினாலும் ரப்பரில் வாசனை போகாது.

சரியான பதத்தில் சூடாக அடைத்த ஜாம், ஜெல்லி திறக்காமல் ஆறு மாதம் இருக்கும். திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். செய்த தேதி, உள்ளே என்ன என்ன, ‘ஈரக் கரண்டி போடாதீர்கள்’ இம்மூன்றையும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். ஜெல்லி பாட்டிலை ஒரு நாள் அசைக்காமல் வைத்திருந்த பிறகுதான் தாம்பூலப் பையில் போட வேண்டும். உறையுமுன் குலுங்கினால் ஓரத்தில் நீர் விட்டுக்கொண்டு நிற்கும்.