வாழைப்பழ காமெடியை எழுதியது யார்?

போன மாதம் ஒரு குடும்பம் மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே அம்மாவின் அண்ணன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண். மூன்று வருடமாகப் பள்ளி ஆண்டு விழாவில் நகைச்சுவை நாடகம் என்றால் அவள்தான். இப்போது "டிவி காமெடி ஷோவுக்குப் போகணும்" என்கிறாள். அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. மாமா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்துவிட்டு, முன்பணம் கட்ட வேண்டிய தேதியோடு வந்திருந்தார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். பதற வேண்டாம், நேரம் இருக்கிறது, பேசிப் பார்ப்போம். நான்கு வருடத்துக்கு விடுதியோடு சேர்த்து 10 லட்சம் கடன் என்றும், அதற்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கத் தயார் என்றும் மாமா சொன்னதும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு முடிவின் விளிம்பில் நிற்பவர்களுக்கு ஆறுதலால் பயன் இல்லை.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,200 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் இல்லை. அந்தப் பெண் கணக்குப் பாடத்தை எப்படியோ தாண்டி வந்தவள், கோடிங் பிடிக்காது என்று வாய்விட்டுச் சொன்னவள். பிடிக்காத படிப்பில் நான்கு வருடத்தில் நான்கு அரியர் விழுந்தால் அந்தத் தவணையை யார் கட்டுவது? கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி இடம் கிடைத்து, பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால் அது வேறு பேச்சு. இங்கே இரண்டுமே இல்லை. பிள்ளை கேட்காத படிப்புக்காக வீட்டை ஈடு வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை.

மாமா சும்மா இருக்கவில்லை. "கிரேஸி மோகன் இன்ஜினியர்தானே? சிவகார்த்திகேயனும் இன்ஜினியரிங் படித்தவர்தானே? முதலில் படிக்கட்டும், அப்புறம் காமெடி பண்ணட்டும்" என்றார். நியாயமான கேள்விதான். பெரும்பாலான வீடுகளில் இதே கேள்வி வருவதால் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

கிரேஸி மோகன் படித்தது கிண்டி பொறியியல் கல்லூரியில். அது அரசுக் கல்லூரி. 1972-இல், மாணவராக இருக்கும்போதே, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக நாடகம் எழுதினார். 1976-இல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிய நாடகத்தின் பெயரே அவருக்கு அடைமொழி ஆனது. பிறகு சொந்தக் குழு, அப்புறம் சினிமா. பகலில் சுந்தரம் கிளேட்டன் வேலை, மாலையில் மேடை என்று வருடக்கணக்கில் ஓடியிருக்கிறார். அவரை உருவாக்கியது எந்தப் பட்டமும் இல்லை, எழுதி எழுதிப் பழகிய பழக்கம்தான். மாமா பட்டத்தைப் பார்க்கிறார், நான் அந்த 1972-ஆம் வருடத்துக் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கிறேன்.

பிறகு பெண்ணின் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மேடையில் நீ நின்று கைதட்டு வாங்கும்போது அதிக சந்தோஷமா, நீ எழுதினதை வேற ஒருத்தர் சொல்லி ஹாலே சிரிக்கும்போது அதிக சந்தோஷமா?" இரண்டாவதுதான் என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். போன வருடம் அவள் நடிக்கவே இல்லையாம். இரண்டு பையன்களை நடிக்க வைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று அவர்களோடு சேர்ந்து வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அப்பாவுக்கு அது தெரியாது. மூன்று வருடமும் மகள் நடிக்கிறாள் என்றே நினைத்திருக்கிறார்.

அந்தக் குடும்பம் தவறவிட்டது இதைத்தான். காமெடி ஷோ என்றதும் நம் கண்ணுக்குத் திரையில் வருகிற முகம்தான் தெரிகிறது. சந்தானம் ஆவாளா, சிவகார்த்திகேயன் ஆவாளா என்று கேட்கிறோம். அந்த முகத்துக்குப் பின்னால் எழுதுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே நினைவுக்கு வருவதில்லை. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழ காமெடி தெரியாத தமிழர் இல்லை. கவுண்டமணி, செந்தில் என்று குழந்தைகூடச் சொல்லும். அதை எழுதியவர் ஏ. வீரப்பன் என்று என் அறையில் இருந்த நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாடகத்தில் வளர்ந்தவர், நடித்தவர், பிறகு அந்த ஜோடிக்கு எழுதியவர். அவர் பெயரைச் சொல்லாமல் நான் எந்தப் பெற்றோரையும் அனுப்புவதில்லை.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதே கதைதான். 1940-களில் என்.எஸ். கிருஷ்ணன் தன் குழுவோடு நகைச்சுவைப் பகுதியைத் தனியாக உருவாக்கிப் படத்தில் சேர்ப்பார். முக்கியக் கதையோடு ஒட்டாமலே நிற்கிற அந்தத் துண்டுதான் இன்றைய ஸ்கிட்டின், அதாவது சில நிமிட நகைச்சுவை நாடகத்தின், தாத்தா. அப்புறம் சபா நாடகங்கள். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதும் அந்த நாடகக்காரர்கள் அங்கே போனார்கள். 1993-இல் சன் டிவி, அதன்பின் மற்ற சேனல்கள். 2000-களின் நடுவில் விஜய் டிவியில் படங்களை நையாண்டி செய்த 'லொள்ளு சபா', 'கலக்கப் போவது யாரு'. அதற்கப்புறம் யூடியூப். இடம்தான் மாறிக்கொண்டே வந்தது. ஐந்தாறு நிமிடத்தில் ஒரு சூழ்நிலையைக் கட்டி, ஏற்றி, உடைக்கத் தெரிந்த ஒரு ஆள் எல்லாக் காலத்திலும் தேவைப்பட்டார்.

லொள்ளு சபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தானம் அங்கிருந்து 2004-இல் 'மன்மதன்' படத்துக்குப் போனார், பிறகு கதாநாயகன். யோகி பாபு அங்கே சின்னச் சின்னதாக வந்து போனவர், 2009-இல் நடித்த படத்தின் பெயர்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சாமிநாதன், மனோகர் இருவரும் பெரிய திறமைசாலிகள். அவர்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும். சினிமாவில் பெரும்பாலும் சின்ன வேடங்களே அமைந்தன. ஒரே தளம், ஒரே காலம், பாதை வேறு வேறு. நடிப்புப் பக்கம் போகிறவருக்கு முகம், வயது, யாருடைய படத்தில் எப்போது கூப்பிட்டார்கள் என்பது வரை எல்லாமே வெளியார் கையில் இருக்கிறது. இந்த நிச்சயமின்மையைப் பெற்றோரிடம் மறைப்பது தவறு.

எழுத்துப் பக்கம் போனவர்களைப் பாருங்கள். லொள்ளு சபாவை உருவாக்கிய ராம்பாலா 2016-இல் அதே சந்தானத்தை வைத்து 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். விஜய் டிவியில் நிகழ்ச்சிகளை உருவாக்கிக்கொண்டிருந்த நெல்சன் எடுத்த முதல் படம் பாதியில் நின்றது. தொலைக்காட்சி வேலை கையில் இருந்ததால் தாக்குப்பிடித்தார். 2018-இல் 'கோலமாவு கோகிலா', 2023-இல் 'ஜெயிலர்'. மணிகண்டன் மிமிக்ரி, டப்பிங் என்று வந்தவர். 'விக்ரம் வேதா'வுக்கு வசனம் எழுதிவிட்டுத்தான் 'ஜெய் பீம்' ராஜாக்கண்ணுவாக நமக்குத் தெரிந்தார். கோயம்புத்தூரில் 'நக்கலைட்ஸ்' யூடியூப் சேனலில் வேலை செய்த ராஜேஷ்வர் காளிசாமி 2025-இல் 'குடும்பஸ்தன்' இயக்கினார். அந்தக் குழு சென்னைக்கு வந்து கோடம்பாக்கத்தில் அறை எடுத்துக் காத்துக் கிடக்கவில்லை என்பதை ஊர்ப்பக்கத்துப் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தால் முகத்துக்கு வயதானாலும் வேலை இருக்கும். பெண் பிள்ளையை நினைத்துக் கவலைப்படும் அம்மாக்களுக்கும் இதைச் சொல்கிறேன்: எழுதும் வேலையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரும் மார்க் போட மாட்டார்கள்.

சரி, இதற்கு என்ன படிப்பது? விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன் பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், நான் தாண்டிப் போகிறேன். நான் சொன்ன படிப்பைக் கேட்டு மாமா எழுந்தே விட்டார். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ்.

ஏளனமாகப் பார்க்காமல் கேளுங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் ஒரு நூற்பா இருக்கிறது: "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப." சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு. ஒருவரைக் கேலி செய்வது, பிள்ளைத்தனம், அறியாமை, எதைச் சொன்னாலும் நம்பிவிடும் வெகுளித்தனம். நீங்கள் பார்த்த எந்த ஸ்கிட்டை வேண்டுமானாலும் எடுத்து இந்த நான்கில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். வாழைப்பழ காமெடியில் செந்திலிடம் இருப்பது பேதைமையா, பேதைமை வேடம் போட்ட எள்ளலா? வகுப்பில் இதை ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். அந்த விவாதத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு அடுத்த ஸ்கிட் எழுதும்போது கை தடுமாறாது.

காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடினார். "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்." ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கமும் வெட்டும். கிரேஸி மோகன் வசனத்தில் ஒரு சொல் திடீரென்று வேறு பொருளுக்குத் தாவுகிறதே, அது இந்த வம்சம். அவர் வெண்பா எழுதும் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. சொல்லை இப்படித் திருப்பிப் பார்க்கும் பயிற்சி வேறு எந்தப் படிப்பிலும் கிடைக்காது.

செலவைப் பாருங்கள். அரசுக் கலைக் கல்லூரியின் வருடக் கட்டணம் அந்தப் பொறியியல் கல்லூரியின் ஒரு மாத விடுதிச் செலவைத் தாண்டாது. புதுமைப் பெண் திட்டம் இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் உண்டு, மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். எழுத்து சரிப்படவில்லை என்றால் பி.எட். படிக்கலாம், பட்டதாரிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

பட்டம் பாதிதான். அந்த மூன்று வருடத்தில் அவள் கையில் சேர வேண்டியது எழுதிய பக்கங்கள். வாரம் ஒரு ஸ்கிட், ஆறு ஏழு நிமிடம், மூன்று பாத்திரத்துக்கு மேல் வேண்டாம். ஒரே இடம், ஒரே பிரச்சினை. முதல் அரை நிமிடத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட வேண்டும். நடுவில் அதே பிரச்சினை மூன்று முறை ஏற வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. எதிராளியை முட்டாளாக மட்டும் எழுதினால் ஸ்கிட் இரண்டாவது நிமிடத்தில் செத்துவிடும். அவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், நல்ல கவுன்டர், அதாவது பதிலடி வசனம், அவருக்கும் கிடைக்க வேண்டும். எழுதியதை நான்கு பேரை வைத்து வாசிக்கச் சொல்லி, எந்த வரியில் சிரிப்பு வந்தது, எந்த வரியில் வரவில்லை என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். வராத வரி எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் வெட்ட வேண்டும். இது வலிக்கும். இதைத் தாங்குகிற பிள்ளைதான் இந்த வேலைக்கு ஆள்.

மாதம் ஒரு முறை ஒரு படத்தை நையாண்டி செய்து எழுதட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பிடித்து இழுப்பதுதான் நையாண்டி. அதற்கு அந்தப் படத்தின் திரைக்கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். லொள்ளு சபா மாதிரி இடத்திலிருந்து சினிமா இயக்குநர் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மூன்று வருடத்தில் நூறு ஸ்கிட் எழுதினால் நல்லது பத்து தேறும். அந்தப் பத்தோடு, கல்லூரி கல்சுரல்ஸில் போட்டதன் வீடியோவோடு, யூடியூப் குழுக்களையும் சேனல் நிகழ்ச்சித் தயாரிப்புக் குழுக்களையும் அணுகலாம். உதவி எழுத்தாளராகத்தான் எடுப்பார்கள். சம்பளம் ஐ.டி. வேலையைவிடக் குறைவு, சில இடங்களில் தாமதமாக வரும். ஷூட்டிங் என்றால் இரவு இரண்டு மணி ஆகும், பெயர் திரையில் வராது. இதையெல்லாம் அந்தப் பெண் முன்னாலேயே சொன்னேன். பட்டத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் மேற்படிப்புக்குப் புனே, கொல்கத்தாவில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகள் இருக்கின்றன, நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம்.

பணம் விஷயத்தில் இன்னும் ஒன்று. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் நடிகர் ஆக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். ஆடிஷனுக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா கடைசிவரை பெரிதாக எதுவும் பேசவில்லை. போகும்போது, "அந்த நாடகத்தை எழுதினது நீயா?" என்று மட்டும் மகளிடம் கேட்டார். மாமா அந்த முன்பணத்தைக் கட்டவில்லை என்று இரண்டு நாள் கழித்து அம்மா போனில் சொன்னார். கல்லூரி திறப்பதற்குள் பத்து ஸ்கிட் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மூன்றாவதில் ஒரு மாமா வருகிறார். இருப்பதிலேயே நல்ல கவுன்டரை அவருக்குத்தான் கொடுத்திருக்கிறாள்.