எண்ணெய்க் கசிவு வழக்கில் சர்வே வைத்துப் போடும் நஷ்டஈட்டுக் கணக்கை நம்பலாமா?

கேள்வித்தாளைப் படித்த பிறகு நம்பலாம். ‘சர்வேயில் 2,000 பறவையைக் காப்பாற்றவும் 2 லட்சம் பறவையைக் காப்பாற்றவும் ஏறக்குறைய ஒரே விலை சொன்னார்கள், எல்லாம் கப்சா’ என்று யாரோ சொல்லித்தான் இங்கே வந்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன்.

1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் தட்டி, சுமார் 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. மீனவர் நஷ்டத்தைச் சொல்ல மீன் விலை இருக்கிறது. அந்தப் பக்கமே போகாத அமெரிக்கர் இழந்ததற்கு? மாநில அரசுக்காகப் பொருளியலாளர் ரிச்சர்ட் கார்சன் குழு 1991-இல் 1,043 பேரை வீடு தேடிப் போய்ப் பேட்டி எடுத்தது. ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வாய்க்கு வந்த முழு எண்தான் வரும். இன்னொரு கசிவைத் தடுக்க டேங்கர்களுக்குத் துணைக்கப்பல் விடும் திட்டம், அதற்கு ஒரே ஒரு தடவை வரி, ஓட்டுப் போடுவீர்களா மாட்டீர்களா? ஆளுக்கொரு தொகை: 10, 30, 60, 120 டாலர். சரி என்றவரிடம் கூட்டி, மறுத்தவரிடம் குறைத்து இன்னொரு தடவை. பாதிப் பேர் சம்மதிக்கும் தொகை சுமார் 31 டாலர் என்று வந்தது. சுமார் 9 கோடிக் குடும்பங்களால் பெருக்கினால் 280 கோடி டாலர்.

ஆபத்து இந்தப் பெருக்கலில்தான். 1 டாலர் பிசகினால் 9 கோடி டாலர் பிசகும். மீடியனுக்கு (பாதிப் பேர் சம்மதிக்கும் அந்தத் தொகைக்கு) பதில் சராசரியை எடுத்திருந்தால் தொகை எகிறியிருக்கும், பதில்களின் மேல் எந்தக் கணக்கு வளைவைப் பொருத்துகிறோமோ அதற்கேற்ப ஆடவும் செய்யும்.

இனி பறவைகள். எக்ஸான் நிதியில் நடந்த அந்த ஆய்வில் 2,000, 20,000, 2,00,000 பறவைகளைக் காப்பாற்றச் சொன்ன சராசரி 80, 78, 88 டாலர். ஆனால் அதே தாளில், இவை மொத்தப் பறவைகளில் ‘1 சதவீதத்துக்கும் மிகக் குறைவு’, ‘1 சதவீதத்துக்கும் குறைவு’, ‘சுமார் 2 சதவீதம்’ என்றும் இருந்தது. படிப்பவருக்கு மூன்றுமே கொஞ்சம்தானே? கார்சன் மட்டும் சும்மா செய்தாரா என்று கமென்டில் வருவீர்கள். இல்லை, இரண்டு பக்கமும் காசு வாங்கியவர்கள்தான். அரசுகளின் வழக்கு 1991-இலேயே 90 கோடி டாலருக்குச் சமரசமானதால், 280 கோடி குறுக்கு விசாரணையைப் பார்க்கவே இல்லை.

1993-இல் நோபல் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையில் அமெரிக்க அரசு அமைத்த குழு, இப்படிப்பட்ட சர்வேக்கு நேர்முகப் பேட்டி, ஓட்டு வடிவக் கேள்வி, ‘இந்தப் பணம் வேறு செலவிலிருந்து போகும்’ என்ற நினைவூட்டல் எல்லாம் வேண்டும் என்றது. உங்கள் கையில் சர்வே அறிக்கை வந்தால் முதலில் இரண்டைத் தேடுங்கள்: சேதத்தின் அளவை மாற்றி வேறு ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்களா, ‘தெரியாது’ என்றவர்களை ‘வேண்டாம்’ கணக்கில் சேர்த்தார்களா.